'சாரி'க்கு அடுத்த வாக்கியம்

2001 ஏப்ரல் 1 அன்று தென்சீனக் கடலுக்கு மேலே அமெரிக்கக் கடற்படையின் ஈபி-3 உளவு விமானமும் சீனாவின் ஜே-8 போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் கடலோடு போனார். சேதமடைந்த அமெரிக்க விமானம் தட்டுத்தடுமாறி ஹைனான் தீவில் அனுமதி பெறாமலே தரையிறங்கியது. அதிலிருந்த 24 பேரைச் சீனா பிடித்து வைத்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்டால்தான் விடுவோம் என்றது பெய்ஜிங். எங்கள் பக்கம் தப்பே இல்லை, எதற்கு மன்னிப்பு என்றது வாஷிங்டன்.

முடிச்சை அவிழ்த்தது ஓர் ஆங்கிலக் கடிதம். ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் ஜோசப் ப்ரூஹர் சீன வெளியுறவு அமைச்சர் டாங் ஜியாஷுவானுக்குக் கொடுத்த அந்தக் கடிதத்தில் இரண்டு இடங்களில் 'வெரி சாரி' என்று வருகிறது. விமானியின் இழப்புக்காக ஒன்று. சீன வான்வெளிக்குள் நுழைந்ததற்கும் தரையிறங்கியதற்கும் வாய்மொழி அனுமதி இல்லாமல் போனதற்காக இன்னொன்று. 'அப்பாலஜி' என்ற சொல் கடிதம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அமெரிக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டது என்று சீனா தன் மக்களிடம் சொன்னது. வருத்தம் தெரிவித்தோம், மன்னிப்புக் கேட்கவில்லை என்று அமெரிக்கா தன் மக்களிடம் சொன்னது. 24 பேரும் ஊர் திரும்பினார்கள்.

ஒரே சொல்லை இரண்டு அரசுகள் இப்படி எதிரெதிராகப் படிக்க முடிந்ததற்கு, ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரண்டு வேலை பார்ப்பதுதான் காரணம். துக்க வீட்டில் 'ஐ ஆம் சாரி' என்பார்கள். அங்கே அது அனுதாபம். பேருந்தில் காலை மிதித்தாலும் 'ஐ ஆம் சாரி' என்பார்கள். அங்கே அது குற்ற ஒப்புதல். எது எந்த இடம் என்பதை அடுத்து வரும் வாக்கியம்தான் தீர்மானிக்கிறது. அந்த வாக்கியத்துக்கு எழுவாய் யார்? செய்தவரா, பாதிக்கப்பட்டவரா, வெறும் நிகழ்ச்சியா? கடிதத்தின் இரண்டாவது சாரியைக் கவனியுங்கள். 'நாங்கள் நுழைந்தோம்' என்று அது சொல்லவில்லை. நுழைந்ததும் இறங்கியதும் அனுமதியின்றி நடந்தன என்றுதான் சொல்கிறது. நுழைந்தவர் வாக்கியத்துக்குள் இல்லை.

ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்று அலுவலகத்தில் பழகும் நமக்கு 'சாரி' என்ற சொல் மூன்று வயதிலேயே வந்துவிடுகிறது. அதன் பின்னால் வரவேண்டிய வாக்கியத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. மொழியியலும் உளவியலும் இந்த ஐம்பது ஆண்டுகளில் நுணுக்கமாக ஆராய்ந்தது அந்த வாக்கியத்தைத்தான். நம் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரவேண்டும் என்பது என் ஆசை.

ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆக்ஸ்ஃபோர்ட் தத்துவவாதி 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகள், அவர் மறைவுக்குப் பின் 1962இல் நூலாக வந்தன. சில சொற்கள் செய்தி சொல்வதற்காக வருபவை இல்லை, சொன்ன மாத்திரத்தில் ஒரு காரியத்தைச் செய்துவிடுகின்றன என்றார் அவர். 'ஐ அப்பாலஜைஸ்' அந்த வகை. சொல்லி முடித்ததும் மன்னிப்புக் கேட்டாயிற்று, அதை வேறு விதமாகப் படிக்க வழியில்லை. 'ஐ ஆம் சாரி' மேலோட்டமாகப் பார்த்தால் மனநிலை பற்றிய ஒரு தகவல்தான். வழக்கத்தால்தான் அது மன்னிப்பாகிறது. வேண்டும்போது மன்னிப்பு, வேண்டாதபோது வருத்தம் என்று அது திரும்பிக்கொள்ள இந்த இடைவெளி இடம் தருகிறது.

அன்றாடப் பேச்சில் இந்தச் சொல்லின் எடை மிகக் குறைவு. பிரிட்டிஷ் பேச்சுத் தரவுத்தொகுப்பிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மன்னிப்புகளை எடுத்து ஆராய்ந்தார் மாட்ஸ் டாய்ச்மன். 2003இல் வெளிவந்த அந்த ஆய்வில் பெரும்பாலானவை அற்ப விஷயங்களுக்கானவை: காதில் விழவில்லை, இருமல் வந்துவிட்டது, வாய் தவறிவிட்டது. குரலை உயர்த்தி 'சாரி?' என்று ஒருவர் கேட்டால் 'திரும்பச் சொல்லுங்கள்' என்று பொருள். அதற்கு 'பரவாயில்லை' என்ற பாணியில் பதில் சொல்லிவிட்டுத் திகைப்பவர்கள் நம்மில் உண்டு. சொன்னதைத் திரும்பச் சொன்னால் போதும்.

'எக்ஸ்க்யூஸ் மீ' எங்கே, 'சாரி' எங்கே என்பதற்கு 1978லேயே ஆன் போர்கினும் சூசன் ரைன்ஹார்ட்டும் அமெரிக்க வழக்கை வைத்து ஒரு விளக்கம் தந்தார்கள். நடத்தை விதியை மீறும்போது முதலாவது: தும்மல், கூட்டத்தில் வழி கேட்பது, மேசையை விட்டு எழுவது. ஒருவரின் மனமோ உடலோ பொருளோ பாதிக்கப்படும்போது இரண்டாவது. பிரிட்டனில் இரண்டுக்குமே பெரும்பாலும் சாரிதான். மானுடவியலாளர் கேட் ஃபாக்ஸ் இங்கிலாந்தின் தெருக்களில் வேண்டுமென்றே ஆட்கள்மீது மோதிப் பார்த்தபோது, மோதப்பட்டவர்களில் பெரும்பாலானோர் தாங்களே சாரி சொன்னார்கள். அங்கே அது தவறோடு சம்பந்தப்பட்ட சொல்லாக இல்லாமல், உரசலை எண்ணெய் விட்டுத் தணிக்கும் ஒலியாகவே இருக்கிறது.

அந்த ஒலிக்கும் பயன் உண்டு. அமெரிக்காவில் மழை நாளொன்றில், ஒரு பெரிய ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் செல்பேசியைக் கொஞ்சம் தரச்சொல்லி ஒரு நடிகரைக் கேட்க வைத்தார்கள் ஆலிசன் வுட் ப்ரூக்ஸும் அவர் குழுவும். நேரடியாகக் கேட்டபோது கொடுத்தவர்கள் 9 விழுக்காடு. 'மழைக்கு சாரி' என்று ஒரு சொல் முன்னால் போட்டுவிட்டுக் கேட்டபோது 47 விழுக்காடு. மழைக்கு யார் பொறுப்பாக முடியும்? செல்பேசியைக் கொடுத்தவர்கள் அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளவில்லை, தங்கள் நிலையை ஒருவர் கவனித்ததாக எடுத்துக்கொண்டார்கள். 2014இல் வெளியான ஆய்வு இது.

அடைமொழியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 'வெரி சாரி'யும் 'ரியலி சாரி'யும் ஒன்றென்றுதான் நாம் படித்தோம். ஆண்ட்ரூ கோஹனும் எலிட் ஓல்ஷ்டைனும் 1980களில் செய்த ஆய்வுகளில், தாய்மொழியாக ஆங்கிலம் பேசுவோர் உண்மையான வருத்தத்துக்கு 'ரியலி'யையும் மரியாதைக்கு 'வெரி'யையும் நாடுவதைக் கண்டார்கள். பிறமொழியாளர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். நண்பரின் பொருளைத் தொலைத்துவிட்டு 'வெரி சாரி' என்றால் இலக்கணம் சரி, சூடு போதாது.

ஆனால் நிஜமான தவறு என்று வரும்போது அடைமொழிகள் கைகொடுப்பதில்லை. ஷோஷனா ப்ளூம்-குல்காவும் ஓல்ஷ்டைனும் 1984இல் பல மொழிகளின் மன்னிப்புகளை ஒப்பிட்டு, அவற்றில் ஐந்து உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார்கள்: மன்னிப்புச் சொல், பொறுப்பேற்றல், காரணம் சொல்லுதல், சரிசெய்து தருவதாகச் சொல்லுதல், இனி நடக்காது என்ற உறுதி. இவற்றுள் எது கனமானது? ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் இதைப் போன்ற ஆறு உறுப்புகளை 755 பேரிடம் சோதித்தார்கள். முதலிடம் பொறுப்பேற்றலுக்கு. அடுத்தது சரிசெய்து தருவதற்கு. 'என்னை மன்னித்துவிடுங்கள்' என்ற வேண்டுகோள் கடைசி இடத்தில் வந்தது. நாம் எதை மன்னிப்பின் உயிர் என்று நினைக்கிறோமோ, கேட்பவர் அதைத்தான் மிகக் குறைவாக மதிக்கிறார்.

பொறுப்பேற்றல் என்பது ஆங்கிலத்தில் 'ஐ' என்ற எழுவாயும் ஒரு செய்வினையும்தான். 'ஐ மிஸ்ட் த டெட்லைன்', 'ஐ ஃபர்காட் டு கால் யூ'. 'த டெட்லைன் வாஸ் மிஸ்ட்' என்றதும் ஆள் காணாமல் போகிறார். 'ஐ ஆம் சாரி யூ ஃபீல் தட் வே' என்றால் எழுவாய் எதிரில் இருப்பவராகிவிடுகிறார், தவறும் அவர் மனத்துக்கு இடம் மாறிவிடுகிறது. 'இஃப் எனிஒன் வாஸ் அஃபென்டட்' என்றால் காயம் நடந்ததா என்பதே சந்தேகத்துக்கு உள்ளாகிறது. அரசியல்வாதிகளின் அறிக்கைகளில் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். 1987ஆம் ஆண்டு உரையில் ஈரான் ஆயுத விவகாரம் பற்றிப் பேசிய ரொனால்ட் ரீகன், தவறுகள் செய்யப்பட்டன என்ற செயப்பாட்டு வினையைப் பயன்படுத்தினார். யாரால் என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை.

எழுவாய் இருப்பதும் இல்லாததும் கேட்பவர் மனத்தில் என்ன செய்கிறது என்பதைக் கெய்ட்லின் ஃபாஸியும் லேரா பொரோடிட்ஸ்கியும் 2010இல் அளந்தார்கள். உணவகத்தில் ஒரு பெண்ணின் மேசையில் மெழுகுவர்த்தி சாய்ந்து தீப்பிடித்த சம்பவத்தின் அறிக்கை. பாதிப்பேருக்கு 'அவர் மெழுகுவர்த்தியைச் சாய்த்தார்' என்ற வடிவம், மீதிப்பேருக்கு 'மெழுகுவர்த்தி சாய்ந்தது' என்ற வடிவம். மற்றபடி கதை ஒன்றே. முதல் வடிவத்தைப் படித்தவர்கள் அந்தப் பெண்மீது கூடுதல் பழி சுமத்தினார்கள், கூடுதல் இழப்பீடும் விதித்தார்கள். 2004 சூப்பர் பௌல் மேடையில் ஜேனட் ஜாக்சனின் உடை கிழிந்த சம்பவத்திலும் இதே விளைவு. காணொளியைக் கண்ணால் பார்த்த பிறகும் 'கிழித்தார்' என்று படித்தவர்கள் 'கிழிந்தது' என்று படித்தவர்களைவிட அதிகத் தொகை விதித்தார்கள்.

இங்கே ஒரு முரண் தெரிகிறது. 'நான் செய்தேன்' என்று சொன்னால் பழி கூடுகிறது. ஆனால் மன்னிப்பில் மற்றவர்கள் எதிர்பார்ப்பதும் அதையேதான். என் கணிப்பில் இது முரணே இல்லை. பழியைக் கையில் வாங்கிக்கொள்வதால் வரும் நஷ்டம்தான் அந்த வாக்கியத்தின் மதிப்பு. நஷ்டமில்லாமல் சொல்லக்கூடியதை யாரும் சொல்லிவிடலாம், ஆகவே அதைக் கேட்டு யாருக்கும் மனம் ஆறாது. அந்த நஷ்டம் உண்மையானது என்பதற்கும் ஆய்வு உண்டு. டைலர் ஒகிமோட்டோவும் உடனிருந்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்புக் கேட்க மறுத்தவர்களுக்குத் தன்மதிப்பும் தன் கையில் அதிகாரம் இருக்கும் உணர்வும் கூடின. 'ஐ' என்ற ஓரெழுத்துச் சொல் தொண்டையில் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

தமிழ் பேசுவோர் ஆங்கிலத்துக்கு வரும்போது இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் உடைந்தது, உடைத்தேன் என்று வினைகள் இரட்டையாக வருகின்றன. 'டம்ளர் உடைஞ்சிடுச்சு', 'மறந்துபோச்சு', 'லேட் ஆயிடுச்சு', 'கை தவறிடுச்சு' என்றெல்லாம் ஆளைச் சொல்லாமலே சொல்லிவிடலாம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. யார் கை தவறியது என்று கேட்பவருக்குத் தெரியும், சொல்பவர் முகமும் குரலும் மீதியைச் சொல்லிவிடும். யார் காலாவது பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அதில் சொல்லுக்கே வேலையில்லை. பெனலபி ப்ரௌனும் ஸ்டீஃபன் லெவின்சனும் மரியாதைப் பேச்சு பற்றிய தங்கள் புகழ்பெற்ற கோட்பாட்டை மூன்று மொழிகளின் தரவை வைத்துக் கட்டினார்கள்: ஆங்கிலம், மெக்ஸிகோவின் செல்டால், கோயம்புத்தூர் மாவட்டக் கிராமமொன்றில் சேகரித்த தமிழ். 1978இல் கட்டுரையாகவும் 1987இல் தனி நூலாகவும் வந்த அந்த ஆய்வு, ஆளைச் சுட்டாமல் பேசுவதை மரியாதையின் ஒரு வழியாகவே வகைப்படுத்துகிறது.

சென்னையிலிருந்து சிகாகோவுக்குப் போகும் மின்னஞ்சலில் முகமும் இல்லை, குரலும் இல்லை. 'சாரி, த ரிப்போர்ட் காட் டிலேய்ட் ட்யூ டு சம் இஷ்யூஸ்' என்று எழுதுகிறார் ஒரு பொறியாளர். ஆங்கில இலக்கணப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. படிக்கும் மேலாளருக்கோ, அறிக்கை தானாகத் தாமதமானது, ஏதோ பிரச்சினைகள் தானாக வந்தன, இவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று படுகிறது. இதையே இப்படி எழுதலாம்: 'ஐ ஆம் சாரி, ஐ ஆம் லேட் வித் த ரிப்போர்ட். ஐ அண்டர்எஸ்டிமேட்டட் த டெஸ்டிங். யூ வில் ஹேவ் இட் பை ஃபோர் டுடே.' மூன்று வாக்கியம். தாமதம் என்னுடையது, சோதனைக்கு ஆகும் நேரத்தை நான் குறைத்துக் கணக்கிட்டேன், இன்று நான்கு மணிக்குள் கைக்கு வரும். காரணமும் இருக்கிறது, ஆனால் அந்தக் காரணத்துக்கும் எழுவாய் 'ஐ'. 'பட்' என்ற சொல் எங்கும் இல்லை. மன்னிப்புக்குப் பின்னால் ஒரு 'பட்' வந்தால் முன்னால் சொன்னது கரைந்துவிடும்.

அலுவலகக் கடிதங்களில் நாம் விரும்பி எழுதும் 'இன்கன்வீனியன்ஸ் காஸ்ட்' என்ற தொடரும் இதே ரகம்தான். சிரமம் ஏற்பட்டது, ஏற்படுத்தியவர் இல்லை. தொலைக்காட்சித் திரையில் பல தலைமுறை பார்த்த 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அறிவிப்புக்கு அது பொருந்தும். ஒரு தனி மனிதருக்கு எழுதும் கடிதத்தில் அது அறிவிப்புப் பலகை போலத்தான் படும்.

அரைகுறை மன்னிப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சட்டப் பேராசிரியர் ஜெனிஃபர் ராபனால்ட் 2003இல் காட்டினார். சைக்கிள் மோதிக் காயம்பட்டவர் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கச் சொல்லி, சமரசத் தொகையை ஏற்பீர்களா என்று கேட்டார். எதிராளி மன்னிப்பே கேட்காதபோது 52 விழுக்காட்டினர் ஏற்பதாகச் சொன்னார்கள். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டபோது அது 73 ஆனது. அடிபட்டதற்கு வருந்துகிறேன் என்று அனுதாபத்தோடு மட்டும் நின்றபோது 35. சும்மா இருப்பதைவிட அது மோசமான விளைவைத் தந்தது. என்னை மிகவும் யோசிக்க வைத்த எண் இதுதான்.

நீதிமன்ற பயம்தான் பலரை அந்த அனுதாபத்தோடு நிறுத்துகிறது. அதனால் சட்டங்களே குறுக்கே வந்தன. மன்னிப்புக் கேட்டதை மட்டும் வைத்து ஒருவர் அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக்கூடாது என்று பிரிட்டனின் 2006 இழப்பீட்டுச் சட்டம் சொல்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா 2006லும் ஒன்டாரியோ 2009லும் மன்னிப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றின. நஷ்டமே இல்லாமல் செய்துவிட்டால் மன்னிப்புக்கு என்ன மதிப்பு என்று லீ டாஃப்ட் போன்ற சட்ட அறிஞர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் குடும்பத்துக்கு, வாய் திறக்கும் மருத்துவரே முதலில் வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனைகள் 2001 முதல் தவறு நேர்ந்தால் வெளிப்படையாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் தர முன்வந்தன. நோயாளி வருகை லட்சத்துக்கு மாதம் 2.13 என்றிருந்த வழக்குகள் 0.75 ஆகக் குறைந்தன. அந்த முறை ஒன்றுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஒளித்துவைக்காமல் பேசினால் வழக்குகள் குவிந்துவிடும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை என்பதாவது அதில் தெளிவு.

பெண்கள் தேவையில்லாமல் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கனடாவின் கரீனா ஷூமனும் மைக்கேல் ராஸும் நாட்குறிப்பு எழுதச் சொல்லிச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். பெண்கள் கூடுதலாகக் கேட்டார்கள் என்பது உண்மை. ஆனால் 'இது தவறு' என்று தாங்களே கருதியவற்றில் எத்தனைக்கு மன்னிப்புக் கேட்டார்கள் என்று பார்த்தால் ஆணும் பெண்ணும் சமம், ஏறத்தாழ 81 விழுக்காடு. எதைத் தவறு என்று எண்ணுகிறோம் என்ற அளவுகோலில்தான் வேறுபாடு.

இனி, பதில் சொல்லும் பக்கம். மன்னிப்பு ஒருவரால் முடிவதில்லை. இயல்பான ஆங்கில உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த ஜெஃப்ரி ராபின்சன், 2004இல் இரண்டு வகைப் பதில்களை எதிர்பார்க்கப்படுபவை என்று குறித்தார். 'தட்ஸ் ஆல்ரைட்', 'தட்ஸ் ஓகே' என்று விடுவிப்பது ஒன்று. 'ஓ நோ, நாட் அட் ஆல்' என்று மன்னிப்பே தேவையில்லை என்பது மற்றொன்று. 'டோன்ட் வொரி அபௌட் இட்', 'நோ வொரிஸ்', 'நோ ப்ராப்ளம்' எல்லாம் இந்த இரண்டில் அடங்கும். இங்கும் எழுவாயைப் பாருங்கள். 'தட்', 'இட்' என்று பேச்சு செயலைப் பற்றியதாக இருக்கிறது. 'ஐ' என்றோ 'யூ' என்றோ ஆளைத் தொடுவதில்லை. மன்னிப்புக் கேட்பவர் 'ஐ' என்று வாங்கிக்கொண்ட சுமையை, பதில் சொல்பவர் 'தட்' என்று கீழே இறக்கி வைக்கிறார். 'ஐ ஃபர்கிவ் யூ' என்று காபி சிந்தியவரிடம் சொன்னால் நீதிபதி நாற்காலியில் ஏறியது போல் ஆகிவிடும். 'அப்பாலஜி அக்செப்டட்' விறைப்பாக இருக்கும், சண்டை இன்னும் முடியவில்லை என்றும் தோன்றலாம்.

பதிலின் வேகமும் பேசும். பத்து மொழிகளை ஒப்பிட்ட டான்யா ஸ்டைவர்ஸ் குழுவின் 2009 ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சராசரியாகச் சுமார் 0.2 நொடி. அதைத் தாண்டி இழுத்தால் சாதகமில்லாத பதில் வரப்போகிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. எதிரே இருந்தால் தலையை ஒரு பக்கம் சாய்த்தோ கையை லேசாக அசைத்தோ பரவாயில்லை என்று காட்டிவிடுகிறோம். தொலைபேசியில் அது போய்ச் சேராது. மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்பது மௌனம் மட்டும், அதை அவர் கோபம் என்று படிப்பார். மனத்தில் ஒன்றுமில்லை என்றால் வாய்விட்டு 'தட்ஸ் ஓகே' என்று உடனே சொல்லிவிடுவது நல்லது.

பெரிய காயமாக இருந்தால்? அங்கே 'தட்ஸ் ஓகே' பொய்யாகிவிடும். மன்னிப்பு வந்தால் மனம் நிறைந்துவிடும் என்று நாம் கற்பனை செய்வதும் மிகை. டேவிட் டி க்ரீமர் குழு 2011இல் ஒரு விளையாட்டை வைத்தது. கையிலிருந்த பத்து யூரோவை ஒருவர் கூட்டாளியிடம் ஒப்படைக்கிறார், அது முப்பதாகிறது, கூட்டாளி திருப்பித் தருவதோ ஐந்து. சிலருக்கு உண்மையிலேயே மன்னிப்பு வந்தது. சிலரை அது வந்ததாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். கற்பனை செய்தவர்களே அதற்கு அதிக மதிப்புக் கொடுத்தார்கள். நேரில் வந்தபோது அந்த அளவுக்கு ஆறுதல் தரவில்லை. சிந்தியா ஃப்ரான்ட்ஸும் கோர்ட்னி பெனிக்சனும் 2005இல் கண்டது இன்னொன்று: காயம்பட்டவர் தன் வருத்தத்தைச் சொல்லி, அது எதிராளிக்குப் புரிந்தது என்று உணர்ந்த பிறகு வரும் மன்னிப்பு அவசரமாக வருவதைவிட அதிக நிறைவைத் தருகிறது. முந்திக்கொண்டு சாரி சொல்வது சில நேரம் அடுத்தவர் பேச்சை மூடுவதாகிவிடும்.

ஆகவே பெரிய தவறுக்கு மன்னிப்பு வரும்போது ஆங்கிலத்தில் வேறொரு பதில் வழக்கில் இருக்கிறது: 'தேங்க் யூ ஃபார் சேயிங் தட்.' சொல்ல முன்வந்ததற்கு நன்றி என்கிறது அது. நடந்தது சரி என்றும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மனம் இன்னும் ஆறவில்லை என்றால் 'ஐ அப்ரிஷியேட் தட். ஐ நீட் சம் டைம்' என்று சேர்த்துக்கொள்ளலாம். இந்த முறை எழுவாய் 'ஐ'தான், காயம்பட்டவருடைய 'ஐ'. மன்னிப்புக் கேட்டவர் பதிலுக்கு வாதாடாமல் 'ஆஃப் கோர்ஸ். டேக் ஆல் த டைம் யூ நீட்' என்று சொல்லிக் காத்திருக்கவேண்டியதுதான்.